ஸ்டாண்டு போட்டும் வண்டி விழுகிறதே, ஏன்?

கேள்வி: சமதளத்தில்தான் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். காலையில் வண்டி வலப்பக்கம் விழுந்து கிடந்தது. யாரும் இடித்த மாதிரி தெரியவில்லை. காரணம் என்ன?

பதில்: முதலில் டயரில் காற்று இருக்கிறதா பாருங்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கு மூன்று கால்: இரண்டு டயர், இடப்பக்கம் ஸ்டாண்டு. வண்டி இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தால்தான் எடை ஸ்டாண்டில் இறங்கும். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கினால் வண்டி தாழும். ஸ்டாண்டின் நீளமோ குறையாது. அதனால் வண்டி நிமிர்ந்துகொண்டே வரும். அப்புறம் பலத்த காற்று ஒரு தடவை அடித்தாலே போதும். பின் சீட்டில் மூட்டையை ஏற்றி வைத்தாலும் இதே கதைதான், ஷாக் அப்சார்பர் அமுங்கி வண்டி நிமிர்ந்துவிடும். சுமையோடு நிறுத்த சென்டர் ஸ்டாண்டுதான் சரி.

ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி லாக் செய்யுங்கள். பிறகு வண்டியை வலப்பக்கமாக மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். தொட்டதுமே ஸ்டாண்டின் அடி தரையை விட்டு எழும்பினால் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: சரிவில் எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது?

பதில்: முன்சக்கரம் மேட்டைப் பார்க்கட்டும். சைடு ஸ்டாண்டு பின்பக்கமாக மடங்கும். வண்டி முன்னால் நகர்ந்தால் தானாகவே மடங்கிவிடும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் நடப்பது அதுதான். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சை விட்டபின் வண்டியைப் பின்னால் உருளவிடுங்கள். கியர் பிடித்து நின்றதும் ஸ்டாண்டு போடுங்கள். நியூட்ரலில் விட்டுப் போவது வேண்டவே வேண்டாம். இறக்கத்தைப் பார்த்தபடி சென்டர் ஸ்டாண்டு போட்டாலும் முன்னால் உருண்டு இறங்கிவிடும்.

கேள்வி: கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு?

பதில்: எஞ்சின் அணைந்தால் சக்கரத்தைப் பிடிக்க எதுவும் இல்லை. பார்க்கிங் பிரேக் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பிரேக் லீவரை அழுத்தி, தடித்த ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

கேள்வி: வெயிலில் தார் இளகி ஸ்டாண்டு புதைகிறது. செங்கல் வைக்கலாமா?

பதில்: கூடாது. செங்கல் உயரத்துக்கு ஸ்டாண்டு ஏறினால் வண்டி நிமிர்ந்து மறுபக்கம் சாயும். 10 செ.மீ. சதுரத்தில் மெல்லிய இரும்புத் தகடோ பிளைவுட் துண்டோ போதும்; மழையில் ஊறிய மண்ணுக்கும் அதுவே உதவும். ஸ்டாண்டின் போல்ட் தளர்ந்து ஆடுகிறதா, ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.