அந்தப் படத்தை வரைந்தது யார்?

கேள்வி: என் மகன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். ஆண்டுத் தொடக்கத்தில் வடிவியல் ஆசிரியை ஒரு விதித்தாளைக் கொடுத்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். வீட்டுப்பாடம் மாணவர் தாமே செய்ததாக இருக்க வேண்டும். ஒரு நாள் தாமதமானால் பாதி மதிப்பெண், அதற்கு மேல் போனால் மதிப்பெண்ணே கிடையாது. நிரூபணத்தில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுத வேண்டும். மறுதேர்வு வேண்டுமானால் பழைய தாளின் பிழைகளை முதலில் திருத்திக் காட்ட வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. வீட்டுப்பாடத்தில் நிறைய மதிப்பெண் வாங்குகிறவன் தேர்வில் 100க்கு 38 வாங்கினான். விடை சரியாக இருந்தும் காரணம் இல்லையென்று குறைத்திருக்கிறார். சென்ற வாரம் கோணத்தைச் சரிபாதியாக்கும் இருசமவெட்டிப் படங்கள் துல்லியமாக இருந்தும், கவராயத்தால் போட்ட வில்கள் இல்லையென்று பூஜ்யம் போட்டுவிட்டார். அவன் களைத்துத் தூங்கிவிடும் நாள்களில் படங்களை நானே முடித்து வைப்பதுண்டு; பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் வில்களை அழித்தேன். தலைமையாசிரியரிடம் புகார் செய்யலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசிரியையின் கடுமையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். படங்களை நீங்களே முடித்து வைப்பதாகவும் வில்களை நீங்களே அழித்ததாகவும் சொல்லும் அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மகனின் மதிப்பெண் குறைந்ததென்று எழுதும் பெற்றோர் பலரின் கடிதங்களில் இப்படியொரு வரி எங்காவது ஒளிந்திருக்கும்.

நீங்கள் அழித்தது என்ன என்பதை முதலில் பார்ப்போம். கோணத்தின் உச்சியில் கவராயத்தை ஊன்றி ஒரு வில் வரைந்தால், அது கோணத்தின் இரு கதிர்களையும் உச்சியிலிருந்து சம தொலைவில் வெட்டுகிறது. அந்த இரு வெட்டும் புள்ளிகளிலிருந்தும், கவராயத்தின் அகலத்தை மாற்றாமல், மேலும் இரண்டு வில்கள் வரைந்தால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அந்தப் புள்ளியை உச்சியோடும், முதலில் கிடைத்த இரு புள்ளிகளோடும் இணைத்துப் பாருங்கள். இருபுறமும் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். வில்கள் ஒரே அகலத்தில் வரையப்பட்டதால் இரண்டு சோடிப் பக்கங்கள் சமம், நடுக்கோடு இரண்டுக்கும் பொது. ஆகவே ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) கொள்கைப்படி அவை சர்வசம முக்கோணங்கள், அதாவது வடிவிலும் அளவிலும் ஒன்றே; அதனால்தான் உச்சியில் உள்ள கோணம் சரிபாதியாகிறது. ஒரு கோணத்தை இப்படி இருசமக் கூறிடும் முறை, ஏறத்தாழ கி.மு. 300இல் கிரேக்கக் கணிதவியலர் யூக்ளிட் தொகுத்த வடிவியல் நூலின் முதல் பகுதியில் 9ஆம் முன்மொழிவாக இருக்கிறது. வில்களை அழித்தபோது அந்தக் கணக்கின் நிரூபணத்தையே அழித்துவிட்டீர்கள், அம்மா. மிஞ்சிய நடுக்கோட்டைப் பாகைமானி வைத்து எவரும் போட்டிருக்கலாம். ஆசிரியை எதைப் பார்த்து மதிப்பெண் போடுவார்?

கோடு சரியான இடத்தில்தானே விழுந்திருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். 60° கோணத்தைப் பாகைமானியால் அளந்து மூன்று சம பாகமாக்க உங்கள் மகனால் முடியும். ஆனால் கவராயமும் அளவு குறிக்காத கோலும் மட்டுமே கொண்டு அதைச் செய்ய யாராலும் இயலாது என்று 1837இல் பியர் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக் கணிதவியலர் நிரூபித்தார். கோடு எங்கே விழுந்தது என்பதைவிட, எந்த வழியில் அங்கே வந்தது என்பதே இந்தப் பாடத்தில் பெரிய கேள்வி. காகிதத்தில் வரைந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் அளந்து கூட்டினால் ஒருவனுக்கு 179° வரும், இன்னொருவனுக்கு 181° வரும். அது 180° தான் என்று அளவுகோலும் பாகைமானியும் ஒருநாளும் உறுதி சொல்லப் போவதில்லை. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று காட்டும்போதுதான் அது உறுதியாகிறது.

காரணம் எழுதாததற்கு மதிப்பெண் குறைத்ததும் இதே வகைதான். இருசமபக்க முக்கோணத்தில் உச்சிக்கோணம் 40° என்றால் அடிக்கோணம் ஒவ்வொன்றும் 70°. இதைப் படத்தைப் பார்த்து ஊகித்தும் எழுதலாம்; சமபக்கங்களுக்கு எதிரேயுள்ள கோணங்கள் சமம் என்ற தேற்றத்தை அறிந்தும் எழுதலாம். விடை இரண்டிலும் ஒன்றுதான். இன்று ஊகிக்கிறவன் நாளை இரு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்படாத ஒரு கோணமும் சமமாக இருப்பதைக் கண்டு, முக்கோணங்கள் சர்வசமம் என்று துணிந்து எழுதுவான். அந்த அளவுகளில் வெவ்வேறான இரண்டு முக்கோணங்கள் அமையக்கூடும் என்பது அவனுக்குத் தெரியாது. காரணத்தை எழுதச் சொல்வது அவனை அந்தக் குழியில் விழாமல் தடுக்கத்தான்.

மறுதேர்வு விதி நியாயமானது. பிழை எங்கே என்று தெரியாமல் அதே தேர்வை மறுபடி எழுதி என்ன பயன்? தாமதத்துக்கான விதியும் பெரும்பாலும் நியாயமே, ஏனென்றால் வடிவியலில் இன்றைய தேற்றத்தின் மேல்தான் நாளைய தேற்றம் நிற்கிறது. நோயுற்ற நாள்களுக்கு மட்டும் விலக்கு கேளுங்கள். அப்படிக் கேட்பது பெற்றோரின் உரிமை.

இப்போது உங்கள் கையெழுத்துக்கு வருகிறேன். வீட்டுப்பாடம் மாணவர் தாமே செய்ததாக இருக்க வேண்டும் என்ற விதியின் கீழே கையெழுத்திட்டது நீங்கள். அதற்குப் பிறகு இரவில் உட்கார்ந்து படம் வரைந்ததும் நீங்கள். மகன் அந்த நோட்டைத் தன் வேலையென்று நீட்டியிருக்கிறான். பிள்ளைகள் அறிவுரையைக் கேட்டு வளர்வதைவிடப் பெற்றோர் செய்வதைப் பார்த்தே வளர்கிறார்கள். அம்மாவின் கையெழுத்துக்கு மதிப்பில்லை, தூங்கிவிட்டால் வேலை தானாக முடிந்துவிடும், பூஜ்யம் வந்தால் குற்றம் ஆசிரியருடையது என்று உங்கள் வீட்டில் அவன் கற்றிருக்கிறான். இதைப் பாசம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் சுமையைத் தாய் சுமக்க வேண்டிய வயது ஒன்று உண்டு. கவராயம் பிடிக்கத் தெரிந்த பையனுக்கு அந்த வயது கடந்துவிட்டது. தேர்வில் வந்த 38 உங்களுக்கு அநியாயமாகத் தோன்றுகிறது. இந்த ஆண்டு அவன் தன் கையால் வாங்கிய மதிப்பெண் என்று நம்பிச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன்.

தலைமையாசிரியரிடம் போகாதீர்கள். எதைச் சொல்லிப் புகார் செய்வீர்கள்? மகனை அழைத்துக்கொண்டு ஆசிரியையிடம் போங்கள். எந்தெந்தப் படங்கள் தன்னுடையவை அல்ல என்பதை அவன் வாயாலேயே சொல்லட்டும். நீங்களும் உங்கள் பங்கைச் சொல்லுங்கள். மகன் முன்னால் இது உங்களுக்குக் கடினமாக இருக்கும், தெரியும். அவனுக்கும் கடினம்தான், நீங்கள் பக்கத்தில் நிற்பதால் அவனால் சொல்ல முடியும்.

மாலையில் அவன் களைத்து வருகிறான் என்றால் வீட்டின் நேர ஒழுங்கைத்தான் திருத்த வேண்டும். வடிவியலை முதல் வேலையாக வைத்து அரை மணி நேரம் அவன் பக்கத்தில் உட்காருங்கள், பென்சிலைத் தொடாதீர்கள். அவன் எழுதும் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, இது எப்படித் தெரியும் என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வரியின் ஓரத்தில் அவனே ஒரு குறி போட்டு, மறுநாள் வகுப்பில் கேட்டுவரட்டும். நீங்கள் வரைந்த படங்கள் அனைத்தையும் அவன் புதிதாக, வில்கள் தெளிவாகத் தெரியும்படி, வரைந்த படிகளையும் எழுதி முடிக்கட்டும். இனி அவன் தூங்கிவிடும் இரவில் நோட்டை மூடிப் பையில் வைத்துவிடுங்கள். முடியாத பாடத்துக்குரிய பாதி மதிப்பெண்ணை அவன் மறுநாள் வாங்கிக்கொண்டு வரட்டும். உண்மையைச் சொன்ன பிறகு, பழைய வீட்டுப்பாடங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களை ஆசிரியை திரும்ப எடுத்தாலும் எடுக்கலாம். எடுத்தால் அதற்காக அவரிடம் வாதாட வேண்டாம்.