ஏபிள்டன் லைவ்: டைம்லைனில் அடுக்கிய கிளிப்புகள் ஏன் ஒலிப்பதில்லை?

ஏபிள்டன் லைவ் என்ற இசையமைப்பு மென்பொருளில் இரண்டு பார்வைகள் உண்டு: கிளிப்புகளை (சிறு இசைத் துண்டுகளை) கட்டங்களில் வைத்துத் தட்டி வாசிக்கும் 'செஷன்', அவற்றை நேரக்கோட்டில், அதாவது டைம்லைனில், அடுக்கும் 'அரேஞ்ச்மென்ட்'. செஷனில் ஒரு கிளிப்பைத் தட்டிய பிறகு, அரேஞ்ச்மென்டில் அடுக்கிவைத்த பகுதி மங்கிப்போய் ஒலிக்க மறுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் அழிந்துவிடவில்லை, பயப்பட வேண்டாம்.

இரண்டு பார்வைகளுக்கும் டிராக்குகள் (ஒவ்வொரு கருவிக்கோ குரலுக்கோ உரிய தடங்கள்) ஒன்றேதான். ஒரு டிராக் ஒரு நேரத்தில் ஒரே கிளிப்பைத்தான் வாசிக்கும். செஷன் கிளிப்பைத் தொடங்கியதும் அந்த டிராக் டைம்லைனைக் கைவிட்டுவிடும். அந்தக் கிளிப்பை நிறுத்தினாலும் தானாகத் திரும்பாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். அரேஞ்ச்மென்டின் மேற்பகுதியில் ஒளிரும் 'பேக் டு அரேஞ்ச்மென்ட்' பட்டனை அழுத்துங்கள், எல்லா டிராக்குகளும் டைம்லைனுக்குத் திரும்பிவிடும். ஒரு டிராக்கை மட்டும் திருப்பவும் அந்த டிராக்கின் அருகிலேயே தனிப் பட்டன் உண்டு.

பார்வை மாற டேப் கீ போதும். கிளிப்பை மவுஸில் பிடித்தபடியே டேப் அழுத்தினால், அதை அடுத்த பார்வைக்குக் கொண்டுபோய் விடலாம். டைம்லைனில் ஒரு பகுதியைத் தேர்ந்து 'இசட்' அழுத்தினால் அது திரை முழுக்க விரியும், 'எக்ஸ்' அழுத்தினால் பழைய நிலை.

ஆனால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாட்டைக் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலே உள்ள வட்டமான ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு, செஷனில் சீன்களை (ஒரே வரிசையில் சேர்ந்து ஒலிக்கும் கிளிப்புகளை) மனம்போல் தட்டி வாசியுங்கள். நீங்கள் தட்டிய வரிசை, திருகிய நாப் (குமிழ்) எல்லாம் அரேஞ்ச்மென்டில் பதிவாகும். பல்லவி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைக் காதே முடிவு செய்யும். கேட்டுப் பார்க்கும் முன் அதே 'பேக் டு அரேஞ்ச்மென்ட்' பட்டனை மறக்காமல் அழுத்துங்கள்.