தாத்தாவின் பேனாக்கத்தியைப் பளபளப்பாக்கலாமா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பேனாக்கத்தி அலமாரியில் கிடைத்தது. இரண்டு அலகு, மான்கொம்புப் பிடி. ‘ஜோசப் ராஜர்ஸ், ஷெஃபீல்டு’ என்று பொறித்திருக்கிறது. பக்கத்தில் ஒரு நட்சத்திரம், ஒரு சிலுவை. அலகு கறுத்து, அங்கங்கே துருவும் பிடித்திருக்கிறது. பழம்பொருள் வியாபாரி ஒருவர், பாலிஷ் போட்டுப் பிடியையும் மாற்றினால் மூன்று மடங்கு விலை போகும், செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். பாலிஷ் போடவும் வேண்டாம், பிடியை மாற்றவும் வேண்டாம். துருவை மட்டும் நிறுத்துங்கள், போதும்.

அந்த நட்சத்திரமும் சிலுவையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கத்தி செய்த ராஜர்ஸ் குடும்பத்தாருக்கு 1764 முதல் இருந்த முத்திரை. உங்கள் கத்திக்கு மதிப்பே அதுதான். அலகின் அடியில், விரல் நகத்துக்கு லேசாகத் தட்டுப்படும் ஆழத்தில்தான் அது இருக்கும். பாலிஷ் சக்கரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் எழுத்து மழுங்கிவிடும். சூடு ஏறி நுனி நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதமும் போய்விடும், பிறகு கூர் நிற்காது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு கத்தியைப் பட்டறையில் கொடுத்தேன். முகம் பார்க்கிற மாதிரி திரும்பி வந்தது, பெயர் மட்டும் இல்லை. முப்பது வருடமாகியும் அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை.

கறுப்பு வேறு, துரு வேறு. பழைய எஃகில் படிகிற சாம்பல் கலந்த நீலக் கறுப்பு இரும்புக்குத் தீங்கு செய்யாது. வாங்குகிறவர்கள் முதலில் தேடிப் பார்ப்பதே அதைத்தான். சிவந்த துருதான் அரிக்கும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடையுங்கள். துணியில் செங்காவி ஏறினால் துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த இடத்தில் எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, தேய்ந்த காலணாக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மென்மை, அதனால் துரு பெயர்ந்து வரும், அலகில் கீறல் விழாது. பெயர் பொறித்த இடத்தில் காசும் வேண்டாம், துணி மட்டும்.

புளி, எலுமிச்சை, சாம்பல், செங்கல் தூள் எதுவும் கிட்டே வரக் கூடாது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளானால் பிசுக்குப் பிடித்துக் கீலை இறுக்கிவிடும். தெருவில் வரும் சாணைக்காரரிடமும் நீட்டாதீர்கள். அருவாமனைக்கு அவர் சரியான ஆள், இதற்கு இல்லை. ஆயுத பூஜைக்கு அலகில் சந்தனம் வைத்து அப்படியே விட்டுவிடுவதும் வழக்கம். ஈரச் சந்தனத்தின் அடியில்தான் வட்டவட்டமாகத் துரு கிளம்பும். பொட்டைத் தட்டில் வையுங்கள்.

பிடியில் இருக்கும் வெடிப்புகளைக் கண்டு பயப்பட வேண்டாம். கொம்பு அப்படித்தான் வெடிக்கும். ஷெஃபீல்டுக்காரர்கள் நம் நாட்டுக் கடமான் கொம்பைக் கப்பலில் வரவழைத்துத்தான் இப்படிப் பிடி போட்டார்கள். இங்கிருந்து போன கொம்பே உங்கள் தாத்தா கையில் திரும்பி வந்திருக்கலாம். அதைக் கழற்ற ஆணியை உடைக்க வேண்டும், உடைத்தால் பழையபடி சேர்க்க முடியாது. கழற்றிய பழைய பிடி எங்கே போகும் என்று அந்த வியாபாரியைக் கேட்டுப் பாருங்கள். வேறொரு கத்தியில் ஏறி, ‘அசல் கொம்புப் பிடி’ என்று விலைபோகும். இலவசப் பாலிஷுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும்.

அதே அலமாரியில் வேறு கத்திகள் இருக்கின்றனவா? ஒன்றின் பிடி ஆமை ஓடு போலவோ முத்துச் சிப்பி போலவோ மினுக்கினால், கட்டை விரலால் சூடு வர நன்றாகத் தேய்த்து மோந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு என்கிற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். அதை உடனே தனியாக எடுத்து வையுங்கள். செல்லுலாய்டு வயதாகிச் சிதையும்போது அமில ஆவி கக்கும். அந்த ஆவி பக்கத்தில் இருக்கிற கத்தியையெல்லாம் அரிக்கும். பிடியின் ஓரத்தில் பித்தளையில் பச்சைக் களிம்பு, அலகில் பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் திடீர்த் துரு என்றால் சிதைவு தொடங்கிவிட்டது. மூடிய டப்பாவில் அடைக்காதீர்கள், காற்றாட விடுங்கள். விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கும். நல்ல கத்தி பத்தைப் பாழாக்கிய ஒரே ஒரு செல்லுலாய்டுக் கத்தியை நான் பார்த்திருக்கிறேன்.

விற்பதானால் இன்னொரு விஷயம். யானைத் தந்தப் பிடி என்றால் விற்கவே முடியாது, சட்டம் தடுக்கிறது. கொம்புப் பிடிக்கும் வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நூறு வயதைத் தாண்டிய கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, இங்கே வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும். முத்திரையோடு கிரீடமும் ‘வி ஆர்’ என்ற எழுத்தும் இருந்தால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1901க்குள். அப்படியானால் உங்கள் கத்தியும் இதில் அகப்படக்கூடும். ‘லண்டன் ஏலத்துக்கு அனுப்பித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தங்கத்துக்கு ஹால்மார்க் இருக்கிறது, தராசுக்கு முத்திரை இருக்கிறது. பழைய பொருளுக்கு விலை சொல்கிறவருக்கு மட்டும் ஒரு தகுதியும் கேட்பதில்லை. விலை சொல்கிறவரே வாங்குகிறவராகவும் இருக்கிறார். இதைச் சரிசெய்யுங்கள் என்று நாங்கள் எழுதிக் கொடுத்த மனுக்கள் எந்த மேஜையில் கிடக்கின்றனவோ தெரியவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தோல் உறையில் வேண்டாம், தோல் ஈரத்தை இழுக்கும். அதற்கு முன் முத்திரையையும் பிடியின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘பார்த்துட்டுத் தர்றேன்’ என்று வாங்கிப்போய் வேறு கத்தியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அந்த வியாபாரி மறுபடி வந்தால் போட்டோவைக் காட்டுங்கள், கத்தி அலமாரியிலேயே இருக்கட்டும்.