பாஸ் மீனுக்குப் புழு ஃப்ளை: வாசகர் கேள்விகள்

முயல் தோலில் புழு ஃப்ளை (தூண்டில் முள்ளில் ரோமமும் நூலும் கட்டிச் செய்யும் போலி இரை) கட்டினால் நனைந்த எலி மாதிரி இருக்கிறது. வேறு பொருள் உண்டா?

பொருள் சரிதான், அகலம்தான் கூடிவிட்டது. பாஸ் ஃப்ளைக்கென்று விற்கும் 6 மி.மீ. வாரை விட்டுவிட்டு 3 மி.மீ. வாரை எடுங்கள். அதிலும் வால் முனையில் 3 செ.மீ. நீளத்துக்குத் தோலை இருபுறமும் சீவிக் கூராக்குங்கள். பிளேடால், தோல் பக்கத்திலிருந்து கீற வேண்டும். கத்தரிக்கோல் ரோமத்தையும் சேர்த்து வெட்டி ஓரத்தை மொட்டையாக்கிவிடும்.

இன்னும் மெலிவு வேண்டுமானால் பைன் அணில் வார் இருக்கிறது. ரோமம் குட்டை, தோல் மெல்லியது, தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். 8-ஆம் எண் ராடில் (கனமான ஃப்ளைகளுக்கான தூண்டில் கோலில்) நாள் முழுக்க வீசுகிறவருக்கு அந்த எடைக் குறைவு தோளில் தெரியும்.

எந்த வரிசையில் கட்டுவது?

1/0 அளவு முள். காதுக்கு (லைன் கட்டும் ஓட்டைக்கு) பின்னால், தண்டின் கால் பங்கை விட்டு, டம்பெல் கண்ணை (இரு முனையிலும் குண்டுள்ள உலோக எடையை) வையுங்கள். கூர்முனைக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தால்தான் ஃப்ளை தண்ணீரில் புரண்டு, கூர் மேலே நிற்கும். எட்டு வடிவத்தில் நூலைப் பத்துப் பதினைந்து சுற்று, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. ஆழம் குறைந்த இடத்துக்கு அரை கிராம் கண், இரண்டு மீட்டருக்கு மேல் ஒரு கிராம்.

அடுத்து வால். ரோமம் பின்னோக்கிச் சாய்ந்திருக்க, முள்ளின் வளைவைத் தாண்டி 7 முதல் 8 செ.மீ. விடுங்கள். அதற்கு மேல் நீண்டால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும். உடலுக்கு மெல்லிய ஷெனில் (பூம்பஞ்சுபோன்ற நூல்) ஒரே அடுக்கு போதும். இங்கேதான் பலருக்கும் கை நிற்பதில்லை. உடல் பருத்தால் ஃப்ளை மெதுவாக இறங்கும், புழுவின் தோற்றமும் போய்விடும்.

நாலு வீச்சுக்கு ஒருமுறை வால் முள்ளில் சுற்றிக்கொள்கிறது.

வாலைக் கட்டும் முன், 0.5 மி.மீ. நைலான் நரம்பை ஒரு செ.மீ. வளையமாக மடித்து, வளைவின் தொடக்கத்தில் படுக்கை வாட்டில் கட்டுங்கள். வால் அதன்மேல் தங்கி நிற்கும். வீச்சையும் கவனியுங்கள்: முன்வீச்சில் கையைச் சுண்டினால் எந்த வளையமும் காப்பாற்றாது. பின்வீச்சு முழுதாக நீளும்வரை பொறுத்து, அகன்ற வளைவாக விடுங்கள்.

செங்கோ என்ற மென்பிளாஸ்டிக் புழுவை நடுவில் குத்தி, இரு முனையும் நடுங்க இறக்குவார்களே, அதை ஃப்ளையில் செய்ய முடியுமா?

முடியும், அழகாகவே வரும். 30 செ.மீ. வெர்னில் (நெருக்கமான, மெல்லிய ஷெனில்) எடுத்து ஒரு முனையை வைஸில் (முள்ளைப் பிடிக்கும் கவ்வியில்) கவ்வி, மறுமுனையை இறுக முறுக்குங்கள். நடுவில் விரல் வைத்து மடித்தால் இரண்டு பாதியும் கயிறுபோலத் தானே பின்னிக்கொண்டு 12, 13 செ.மீ. புழுவாகும். விரிந்த முனையை நூலால் கட்டிப் பசை வையுங்கள். இல்லையென்றால் முதல் மீனோடு பிரிந்துவிடும்.

முறுக்கு குறைந்தால் இடைவெளி விழும், முள் அதில் மாட்டும். கூடினால் புழு குச்சியாகி நடுங்காது. மேசை விளிம்பில் பாதி தொங்கவிட்டுப் பாருங்கள், தளர்ந்து வளைய வேண்டும். தண்டு குட்டையான 2-ஆம் எண் முள்ளில் ஈயக்கம்பி ஆறு சுற்று சுற்றி, புழுவின் நடுப்பகுதியைக் குறுக்கே வைத்துக் கட்டுங்கள். டம்பெல் கண் வேண்டாம். தலைகுப்புற இறங்கினால் இந்த ஃப்ளையின் வேலையே கெட்டுவிடும்.

அல்லி இலைகளுக்குள் போட்டால் மாட்டிக்கொள்கிறது.

அதே 0.5 மி.மீ. நரம்பை வளைவில் கட்டி, கூர்முனைக்கு வெளியே 4 மி.மீ. தள்ளி வளைத்துக் கொண்டுவந்து காதருகே முடியுங்கள். விரலால் லேசாக அழுத்தினால் மடங்க வேண்டும். மடங்காத நரம்பு செடியைத் தடுப்பதுபோலவே மீன் வாயையும் தடுக்கும்.

நிறம்?

கலங்கலுக்குக் கறுப்பு, தெளிந்த நீருக்கு மங்கிய பச்சை. ஊதா ஒன்று கையில் இருக்கட்டும்.

கடிப்பது தெரிகிறது, முள் ஏறவில்லை.

பெரும்பாலான கடி ஃப்ளை இறங்கும்போதே விழும். அந்த நேரத்தில் லைன் தொய்ந்திருந்தால், நீங்கள் உணர்வதற்குள் பாஸ் உறிஞ்சித் துப்பியிருக்கும். ராட் நுனியைத் தண்ணீரைத் தொடும்படி தாழ்த்தி, தொய்வை மட்டும் எடுத்துக்கொண்டே இருங்கள். லைன் பக்கவாட்டில் நகர்ந்தாலோ பாதியில் நின்றாலோ, ராடைத் தூக்காமல் லைன் பிடித்த கையால் நீளமாக, பலமாக இழுங்கள். ராடைத் தூக்கினால் அது வளைந்து விசையை வாங்கிக்கொள்ளும். கனமான 1/0 முள் பாஸின் தாடையில் ஏற அந்த விசை முழுதும் வேண்டும்.