கேள்வி–பதில்: கடவுளை ஏகவசனத்தில் அழைத்த ஆங்கிலம்

கேள்வி: பள்ளியில் ஆங்கில ஜெபப் பாடல்களில் கடவுளை ‘தௌ’ என்றுதான் பாடுவோம். தமிழ் பைபிளின் ‘தேவரீர்’ மாதிரி அது உயர்ந்த மரியாதைச் சொல் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஷேக்ஸ்பியர் படிக்கும் என் பேத்தியோ, “வேலைக்காரனைக்கூட தௌ என்றுதானே கூப்பிடுகிறார்கள்?” என்கிறாள். எது சரி?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பேத்தி சரியாகப் பிடித்திருக்கிறாள், அம்மா. ‘தௌ’ என்றால் ‘நீ’. மரியாதை அதில் துளியும் இல்லை. கல்லூரியில் நான் ஷேக்ஸ்பியர் நடத்திய காலத்தில் எந்த வகுப்பிலும் இந்தக் கேள்வி வராமல் போனதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஆங்கிலத்தில் கணக்கு எளிது. எதிரே ஒருவர் இருந்தால் ‘தூ’ (பின்னாளில் இதுதான் ‘தௌ’), பலர் இருந்தால் ‘யே’ (பின்னாளில் ‘யீ’). அந்த ஒருவர் ராஜாவாக இருந்தாலும் ‘தூ’தான். இந்தியின் ‘தூ’, லத்தீனின் ‘தூ’, ஜெர்மனின் ‘டூ’ எல்லாம் இதற்கு ஒரே வேர்ச் சொந்தங்கள். 1066-இல் நார்மன்கள் வந்து பிரெஞ்சு மேட்டுக்குடி மொழியான பிறகு, பெரியவரைப் பன்மையில் அழைக்கும் பழக்கம் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. பன்மையான ‘யீ’யும் அதன் இன்னொரு வடிவமான ‘யூ’வும் மரியாதையாயின. குழந்தை, வேலையாள், உயிருக்கு நெருக்கமானவர் ஆகியோருக்கு ‘தௌ’. கோபம் வந்தால் எதிராளிக்கும் அதுவே.

அந்தக் கோபத்துக்கு ஒரு நீதிமன்றச் சாட்சி உண்டு. 1603 நவம்பர். லண்டனில் கொள்ளைநோய் என்பதால் வால்டர் ராலே மீதான ராஜதுரோக விசாரணை வின்செஸ்டரில் நடந்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், எலிசபெத் ராணியின் அவையில் கோலோச்சிய அந்த மனிதரைப் பார்த்து, “உன்னைத் ‘தௌ’ போட்டுத்தான் பேசுவேன், துரோகியே” என்று கத்தினார். ‘தௌ’வையே வினைச்சொல்லாக்கிவிட்டார், பாருங்கள். நாம் “ஏகவசனத்தில் பேசினான்” என்று கொதிப்போமே, அதே சூடு. ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்திலும், சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப் போகிறவனுக்கு, “மூன்று தடவை ‘தௌ’ போட்டாலும் தப்பில்லை” என்று ஒருவர் யோசனை சொல்கிறார்.

பிறகு கடவுளை ஏன் அப்படி அழைத்தார்கள்? வில்லியம் டின்டேல் 1526-இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து நேராக ஆங்கிலமாக்கினார். மூலத்தில் மரியாதைப் பன்மை கிடையாது. ஒருவரா, பலரா என்பது மட்டுமே உண்டு. அவர் அதை அப்படியே காப்பாற்றினார். 1611-இன் ஜேம்ஸ் மன்னர் பைபிளும் அதே வழியில் போனது. அதில் கடவுளும் ‘தௌ’தான், தாவீது ராஜாவும் ‘தௌ’தான், சாத்தானும் ‘தௌ’தான். ‘தேவரீர்’ என்பது நம் மொழிபெயர்ப்பாளர்கள் தாங்களாகச் சேர்த்த வணக்கம்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் யோவான் 3:7-ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். இரவில் தனியாக இயேசுவிடம் வந்திருக்கிறார் நிக்கொதேமு. நம் பழைய தமிழ் பைபிளில் “நீங்கள் மறுபடியும் பிறக்கவேண்டும் என்று நான் உனக்குச் சொன்னதைக்குறித்து” என்று வருகிறது. சொல்வது அவர் ஒருவரிடம். பிறக்க வேண்டியதோ எல்லோரும். 1611 ஆங்கிலம் ‘உனக்கு’ என்பதற்கு ‘தீ’ (‘தௌ’வின் வேற்றுமை வடிவம்), ‘நீங்கள்’ என்பதற்கு ‘யீ’ என்று போட்டு இதைத் துல்லியமாகக் காட்டிவிடுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுமே ‘யூ’. அந்த வசனத்தின் பாதி அர்த்தம் அங்கே போயே போய்விட்டது. எனக்கு இது உண்மையிலேயே பெரிய இழப்பாகப் படுகிறது.

17-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவருடைய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் நீதிபதி, பிரபு என்று பார்க்காமல் எல்லோரையும் ‘தௌ’ என்றார்கள். கடவுள் முன் எல்லோரும் சமம் என்பது அவர்கள் கொள்கை. அதற்காக அடியும் வசவும் வாங்கினார்கள். ஊரார் போனதோ எதிர்த்திசையில். யாரிடமும் வம்பு வேண்டாம் என்று எல்லோரையும் ‘யூ’ ஆக்கினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் லண்டன் பேச்சிலிருந்து ‘தௌ’ ஏறக்குறைய மறைந்தது. யார்க்‌ஷயர் போன்ற வட பகுதிப் பேச்சில் ‘தா’ என்று நீடித்தது.

வீட்டிலும் தெருவிலும் காணாமல் போன சொல் ஆலயத்தில் மட்டும் கேட்டால் அதற்குப் புனித வாசனை வந்துவிடும்தானே? 1952-இல் வந்த திருத்திய ஆங்கில பைபிள், மனிதர்களுக்கு ‘யூ’, கடவுளுக்கு மட்டும் ‘தௌ’ என்று பிரித்தே வைத்தது. டின்டேல் செய்ததற்கு இது நேர் எதிர். நீங்கள் பள்ளியில் உணர்ந்த மரியாதை அப்படிப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

கேள்வி: இங்கிலாந்தின் பழைய மதுக்கடைப் பலகைகளில் ‘யீ ஓல்ட்’ என்று இருக்கிறதே, அது இந்த ‘யீ’ தானா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. அது வெறும் ‘தி’. பழைய ஆங்கிலத்தில் ‘த’ ஒலிக்கு ‘தோர்ன்’ என்று ஒரு தனி எழுத்து இருந்தது. ‘தௌ’வும் அதில்தான் தொடங்கும். கையெழுத்தில் அது மெல்ல மெல்ல ‘ஒய்’ போலவே ஆகிவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தோர்ன் இல்லாததால் அச்சிட்டவர்களும் ‘ஒய்’யையே கோத்தார்கள். அடுத்த தடவை பலகையைப் பார்த்தால் ‘தி ஓல்ட்’ என்றே வாசியுங்கள்.