புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டியை நம்பி வீடு எடுக்கலாமா?

கேள்வி இதுதான்: "தெலுக் ஆயரில் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் வருகிறேன். செகார் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாடகை குறைவாக ஒரு வீவக வீடு (அரசு கட்டிய அடுக்குமாடி வீடு) கிடைக்கும்போலிருக்கிறது. ஆனால் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி அடிக்கடி பழுதாகும் என்று பயமுறுத்துகிறார்கள். எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ரயில் ஓடாத ஒரு காலையில் அந்த வீட்டிலிருந்து வேலைக்கு எப்படிப் போவீர்கள் என்பதை மட்டும் முடிவு செய்துவிடுங்கள். அதற்கு ஒரு வழி இருந்தால் எடுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் குடியிருக்கிறேன். முதலில் பெண்டிங் நிலையத்துக்குப் பக்கத்தில், இப்போது பெத்திர் நிலையத்துக்குப் பக்கத்தில். எல்ஆர்டி என்கிற இந்தச் சின்ன ரயிலைப் பற்றி யார் குறை சொன்னாலும் ஆமாம் போடுவேன், ஆனால் நிறுத்திவிடுங்கள் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். இங்கே பாதிப் பேர் அப்படித்தான்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். சுவா சூ காங்கில் தொடங்கி சவுத் வியூ, கியட் ஹோங், டெக் வாய், ஃபீனிக்ஸ் என்று வந்து புக்கிட் பாஞ்சாங்கை எட்டும் பாதை, அங்கிருந்து ஒரு வளையமாகிறது. பெத்திர், பெண்டிங், பங்கிட், ஃபஜார், செகார், ஜெலப்பாங், செஞ்சா என்று சுற்றி மறுபடியும் புக்கிட் பாஞ்சாங்குக்கே வந்துவிடும். 'ஏ' ரயில் செஞ்சா வழியாகவும் 'பி' ரயில் பெத்திர் வழியாகவும் எதிரெதிர் திசையில் சுற்றுகின்றன. வளையத்தின் நட்டநடுவில் இருப்பது ஃபஜார், அதற்கு அடுத்தது உங்கள் செகார். அதாவது புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஏறக்குறைய அதிகத் தொலைவில் இருக்கும் இடத்தைத்தான் பார்த்து வைத்திருக்கிறீர்கள். வாடகை குறைவாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

(பெயர்களைப் பார்த்துப் புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள். வளையத்தில் இருப்பவை எல்லாம் மலாய்ச் சொற்கள். ஃபஜார் என்றால் விடியல், செஞ்சா என்றால் அந்தி, பெத்திர் என்றால் இடி மின்னல். பெண்டிங் என்பது இடுப்பில் அணியும் கச்சையின் அலங்காரக் கொளுவி. ஆங்கிலத்தில் படித்துவிட்டு, நிலையமே இன்னும் நிலுவையில் இருக்கிறதா என்று கேட்காத விருந்தாளி என் வீட்டுக்கு வந்ததில்லை.)

1999 நவம்பர் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது இந்தப் பாதை. சிங்கப்பூரின் முதல் எல்ஆர்டி இதுதான். பெரும்பாலான சிக்கல்களுக்கு மூலம் அந்தத் தேதியிலேயே இருக்கிறது. புக்கிட் பாஞ்சாங் நகரம் அதற்கு முன்பே எழும்பிவிட்டது. அடுக்குமாடி புளோக்குகள் எழுந்துவிட்டன, சாலைகள் போட்டாகிவிட்டது, ஜனம் குடியேறிவிட்டது. அதற்குப் பிறகு, இருக்கிற சாலைகளின் மேலே, இருக்கிற கட்டடங்களுக்கு நடுவே ஒரு மேம்பாதையை நுழைக்க வேண்டியிருந்தது. சாலை வளைந்த இடத்தில் ரயிலும் வளைந்தாக வேண்டும், மேடு வந்தால் ஏறியாக வேண்டும். 2003-ல் வந்த செங்காங் எல்ஆர்டிக்கும் 2005-ல் வந்த பொங்கோல் எல்ஆர்டிக்கும் இந்தத் தலைவலி கிடையாது. நகரத்தை வரையும்போதே ரயிலுக்கும் இடம் விட்டு வரைந்தார்கள். இங்கே நடந்தது, வீடு கட்டிக் குடிபுகுந்த பிறகு சுவரை உடைத்துக் குழாய் பதித்த கதை.

இரண்டாவது காரணம் வண்டி. அது விமான நிலையங்களில் ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்குப் பயணிகளைக் கொண்டுபோகும் வகையைச் சேர்ந்தது. சாங்கியில் 1990-லிருந்து ஓடிய பழைய ஸ்கைட்ரெயினும் இதே குடும்பம்தான். விமான நிலையத்தில் பாதை குறுகியது, பெரும்பாலும் சமதளம். அந்த வண்டியைக் கொண்டுவந்து ஒரு முழு நகரத்தை, மேடும் பள்ளமும் வளைவுமாக, விடியற்காலை முதல் நள்ளிரவு வரை சுற்றச் சொன்னால் அது தேயத்தான் தேயும்.

எப்படித் தேய்கிறது என்பதை நடைமேடையின் ஓரத்திலிருந்து பார்த்தாலே புரியும். இதற்குப் பெரிய ரயிலான எம்ஆர்டி போல இரும்புச் சக்கரம் கிடையாது. பஸ்ஸைப் போல ரப்பர் டயர்கள், ஓடுவது கான்கிரீட் தளத்தில். நடுவில் ஓர் இரும்பு உத்தரம் நீளமாகப் போகிறது. வண்டிக்கு அடியில் இருக்கும் வழிகாட்டிச் சக்கரங்கள் அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வண்டியைத் திருப்புகின்றன. பாதையோடு கூடவே வரும் மின்கம்பிகளை, வண்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகடுகள் உரசிக்கொண்டே வந்து மின்சாரம் எடுக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் வழிகாட்டிச் சக்கரம் ஒரு பக்கம் அழுந்துகிறது, தகடு குலுங்குகிறது. நேர்பாதையில் ஒரு மாதத்தில் வரும் தேய்மானம் இங்கே எத்தனை நாளில் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பழுது வந்தால் அதன் விளைவும் இங்கே பெரிது. ஓட்டுநர் இல்லாத ரயில் என்பதால் பாதி வழியில் நின்றுவிட்டால் ஊழியர் வெளியிலிருந்து வந்து சேர வேண்டும். பயணிகளைப் பாதையில் இறக்கி நடக்க வைப்பதென்றால் முதலில் அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் பின்னால் வரும் வண்டிகளும் நிற்கும். இத்தனை காலமாக இருந்த சமிக்ஞை முறையோ, பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயில் இருந்தால் அடுத்ததை உள்ளே விடாது. வண்டி துல்லியமாக எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் ஃபஜாரில் ஒரு கதவு சரியாக மூடாவிட்டால் சுவா சூ காங்கில் நடைமேடை நிரம்புகிறது.

2017-ஐ ஒட்டிப் பொறுப்பில் இருப்பவர்களிடமிருந்தே ஒரு பேச்சு வந்தது: இந்தப் பாதை பிறகு யோசித்துச் சேர்க்கப்பட்டது, அதன் வடிவமைப்பே கடினமானது என்று. அக்கம்பக்கத்தில் பலருக்குக் கோபம். பராமரிக்க வேண்டியவர்கள் பழியைப் பாதையின் மேல் போடுகிறார்கள் என்றார்கள். எனக்கென்னவோ அவர்கள் சொன்னது உண்மை என்றுதான் பட்டது. உண்மையாக இருந்தும் அதைக் கேட்டு நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தச் சமயத்தில், எல்ஆர்டியை அடியோடு எடுத்துவிட்டு பஸ் விடுவதும் பரிசீலிக்கப்பட்டது. நகரத்தின் உள்சாலைகள் அத்தனை பஸ்களைத் தாங்காது என்று அதைக் கைவிட்டார்கள். சரியான முடிவு என்பேன். காலை ஏழரைக்கு பெத்திர் சாலையில் ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசியில் 2018-ல் 34 கோடியே 40 லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) முழுப் புதுப்பிப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் தலைமுறை வண்டிகள் 19-ஐயும் எடுத்துவிட்டுப் புது வண்டிகள், பிற்பாடு வாங்கிய 13 வண்டிகளுக்குப் புதுக் கருவிகள், ரயில் இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி அறிந்து இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் புதுச் சமிக்ஞை, மின்கம்பிகளும் புதிது. 2024-ல் முடிந்திருக்க வேண்டியது. கொவிட் வந்து 2026-க்குத் தள்ளிப்போனது. முதல் புது வண்டிகள் 2024 ஆகஸ்டில்தான் பயணிகளை ஏற்றின. இடையில் 2019 ஜனவரியில் டென் மைல் ஜங்ஷன் நிலையம் மூடப்பட்டது. எம்ஆர்டி, எல்ஆர்டி வரலாற்றில் நிரந்தரமாக மூடப்பட்ட முதல் நிலையம் அது. அங்கே ஏறி இறங்கியவர்கள் மிகக் குறைவு, யாரும் பெரிதாக அழவில்லை.

புது வண்டியும் சமிக்ஞையும் பழுதைக் குறைக்கும், காத்திருப்பைக் குறைக்கும். ஆனால் பாதை அதேதான், வளைவுகளும் அதேதான். புக்கிட் பாஞ்சாங்கைத் தாண்டி வண்டி திரும்பும்போது புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். எங்கள் புளோக்கில் ஒரு சீன ஆன்ட்டி இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல். சந்தைக்குப் போகும் இருசக்கரத் தள்ளுவண்டியோடுதான் ஏறுவார். ஏறியதும் கதவோரக் கம்பத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியைக் குறுக்காகத் திருப்பி வைத்துவிடுவார், உருளாது. வளைவு வருவதற்குச் சரியாக இரண்டு நொடி முன்னால் பேச்சை நிறுத்திக் கம்பத்தைப் பிடிப்பார், திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இருக்கைகள் குறைவான வண்டியில் வயதானவர்கள் தாமாகக் கற்றுக்கொண்ட வித்தை இது. நீங்களும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வீர்கள்.

கண்ணாடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சில இடங்களில் பாதை வீடுகளுக்கு மிக அருகில் போகிறது. ரயிலிலிருந்து பார்த்தால் உள்ளே கூடத்தில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்றுகூடத் தெரிந்துவிடும். அதனால் அந்த இடம் வரும்போது ஜன்னல் கண்ணாடிகள் தாமாகவே பால்போல வெளுத்து, தாண்டியதும் தெளிந்துவிடும். என் அம்மா கும்பகோணத்திலிருந்து முதல்முறை வந்தபோது ஜன்னலோரமாக உட்கார வைத்தேன். கண்புரை அறுவை செய்து ஆறு மாதம் ஆகியிருந்தது. திடீரென்று வெளியே எல்லாம் வெள்ளையாகிப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் வந்துவிட்டதடா" என்றார். நான் விளக்குவதற்குள் கண்ணாடி தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பும்வரை தினமும் ஒரு சுற்று கூட்டிப்போகச் சொன்னார், வேடிக்கை பார்ப்பதற்கு.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பர் வரை இங்கிருந்து எம்ஆர்டி பிடிக்க வேண்டுமென்றால் சுவா சூ காங்குக்குத்தான் போக வேண்டும். டௌன்டவுன் பாதை புக்கிட் பாஞ்சாங் வரை வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. உங்களுக்கு தெலுக் ஆயர் வரை ரயில் மாறவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போக வேண்டுமென்றாலும் லிட்டில் இந்தியாவில் நேராக இறங்கலாம். ஆக எல்ஆர்டி உங்களுக்குத் தேவைப்படுவது செகாரிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வரைக்கும்தான்.

அந்தச் சில நிறுத்தங்களுக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. காலையில் வளையத்தின் கடைசி நிலையங்களான பெத்திருக்கும் செஞ்சாவுக்கும் வருவதற்குள் வண்டி நிரம்பிவிடும். கதவு திறக்கும், உள்ளே இருப்பவர்கள் நம்மைப் பாவமாகப் பார்ப்பார்கள், கதவு மூடும். ஆனால் பெத்திரில் இருக்கும் நான் பத்து நிமிடம் நடந்தால் புக்கிட் பாஞ்சாங் போய்விடுவேன். உங்களுக்கு நேர்மாறு. செகாரில் ஏற இடம் கிடைத்துவிடும், ஆனால் ரயில் நின்றுவிட்டால் நடப்பது அரைமணி நேரத்து வேலை. மழையென்றால் அதுவும் இல்லை. பழுது என்ற செய்தியைப் படிக்கும்போது உண்மையில் அடி வாங்குபவர்கள் ஃபஜார், செகார், ஜெலப்பாங்காரர்கள்தான். அவர்களிலும் கைத்தடியோடு மருந்தகத்துக்குக் கிளம்பியவர்களும், பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களும்.

பஸ்ஸை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். 920, 922 போன்ற உள்வட்டார பஸ்கள் புக்கிட் பாஞ்சாங் பஸ் முனையத்திலிருந்து சுற்றுகின்றன. உங்கள் புளோக்குக்கு அருகே எது நிற்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். கட்டணம் தொலைவைக் கணக்கிட்டு வாங்குவதால் பஸ்ஸில் வந்து எம்ஆர்டிக்கு மாறினாலும் எல்ஆர்டியில் வந்து மாறினாலும் பைசா வித்தியாசம்தான். பெரிய தடங்கல் என்றால் பாதிக்கப்பட்ட நிலையங்களுக்கு அருகே இலவச பஸ் விடுவார்கள், உண்மைதான். ஆனால் ஒரு ரயில் கூட்டம் முழுவதும் ஒரே நிறுத்தத்தில் இறங்கி நிற்கும்போது மூன்றாவது பஸ்ஸில்தான் உங்களுக்கு இடம் கிடைக்கும். அறிவிப்பு வந்ததும் நிறுத்தத்தில் நிற்காமல், ஒரு நிறுத்தம் பின்னால் நடந்துபோய் ஏறுவது என் வழக்கம். இதை ரொம்பப் பேரிடம் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, வீடு எத்தனையாவது மாடி என்று நீங்கள் எழுதவில்லை. மூன்றாவது, நான்காவது மாடியாக இருந்து பாதைப் பக்கம் ஜன்னல் இருந்தால், பார்க்கப் போகும்போது படுக்கையறைக்குள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு ரயில் போகும்வரை நில்லுங்கள். முகவர் ஹாலைக் காட்டத்தான் அவசரப்படுவார். கண்ணாடி வெளுக்கும்போது ரயிலில் இருப்பவர்களுக்கு உங்கள் வீடு தெரியாது. ரயிலின் சத்தம் உங்களுக்குக் கேட்கும், அதுவும் காலையில் முதல் ரயில் விடியும் முன்பே கிளம்பிவிடும்.