இரண்டாம் இடத்தின் இசை

அன்புள்ள ஐயா,

டிரம் கோர் என்னும் அமெரிக்க அணிவகுப்பு இசைக்குழுக் கலை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஃபேண்டம் ரெஜிமென்ட் குழுவின் சிறந்த இசை 1989இல் வாசித்ததுதான் என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். சிகாகோவில் என் மகளும் அவள் நண்பர்களும் 2008ஆம் ஆண்டின் 'ஸ்பார்ட்டகஸ்' நிகழ்ச்சிக்கு மேல் ஒன்று கிடையாது என்கிறார்கள். அவர்களுடைய இசை ஆசிரியர் 1996 என்கிறார். அந்த இரண்டு ஆண்டுகளும் குழு பட்டம் வென்ற ஆண்டுகள். நீங்கள் சொல்லும் 1989இல் அவர்கள் தோற்றார்கள். நடுவர்களின் மதிப்பெண்ணை விட்டால் இதற்கு வேறு அளவுகோல் உண்டா? இல்லை, பழையதெல்லாம் பொன் என்கிறீர்களா?

சரவணன்
சிகாகோ

அன்புள்ள சரவணன்,

மதிப்பெண்ணையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். 2008இல் வென்றபோது அவர்கள் பெற்றது நூற்றுக்கு 98.125. 1996இல் 97.4. தோற்றதாக நீங்கள் சொல்லும் 1989இல் 98.4. உங்கள் மகளிடம் இதைக் காட்டுங்கள். ஆனால் அதோடு என் கட்சி வென்றுவிட்டதாகவும் நினைக்காதீர்கள். நடுவர்கள் மாறுகிறார்கள், மதிப்பெண் தாள் மாறுகிறது, போட்டிக்கு வந்த மற்ற குழுக்கள் மாறுகின்றன. அந்த எண் அன்று இரவு யார் முந்தினார்கள் என்பதை மட்டுமே சொல்லும். இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்து நிறுக்க அது உதவாது.

இந்தக் கலையை அறியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிரம் கோர் என்பது பித்தளைக் குழல்களும் தோல்கருவிகளும் கொடிக் குழுவும் சேர்ந்தது. புல்லாங்குழலோ கிளாரினெட்டோ கிடையாது. கால்பந்து மைதானம் முழுவதும் நடந்தும் ஓடியும் உருவங்கள் அமைத்தபடியே பத்துப் பன்னிரண்டு நிமிடம் வாசிப்பார்கள். எல்லோரும் இளைஞர்கள், இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதோடு விலகிவிட வேண்டும். கோடை முழுவதும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் படுத்து எழுவார்கள். அதற்குக் கூலி இல்லை. அவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். 1972 முதல், 2020, 2021 தவிர, ஆண்டுதோறும் ஆகஸ்டில் இறுதிப் போட்டி நடக்கிறது. ஃபேண்டம் ரெஜிமென்ட் இல்லினாயின் ராக்ஃபோர்டில் 1956இல் தொடங்கிய குழு. செவ்வியல் இசையை மைதானத்துக்குக் கொண்டுவருவது அதன் அடையாளம்.

2008ஐ நான் குறைத்துச் சொல்லவில்லை. புளூ டெவில்ஸ் குழுவை அவர்கள் வென்றது 0.025 புள்ளியில். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே அதைவிட மெல்லிய கோடு போடுவது கடினம். பண்டைய ரோமில் ஸ்பார்ட்டகஸ் நடத்திய அடிமைகளின் கிளர்ச்சியை மைதானத்தில் ஈட்டியோடு நடித்தே காட்டினார்கள். 'நானே ஸ்பார்ட்டகஸ்' என்று குரல்கள் எழும் இடத்தில் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் சரவணன், ஒருமுறை திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். 'ஸ்பார்ட்டகஸ்' பாலேக்காகக் கச்சதூரியன் எழுதிய அந்தக் காதல் இசை அப்போதும் மனதைப் பிசையும். அது கச்சதூரியனின் வலிமை. நீங்கள் எழுந்து நின்றது எதற்காக? இசைக்காகவா, ஈட்டிக்காகவா? எனக்கு ஈட்டிக்காக என்றுதான் படுகிறது. அது சிறந்த நிகழ்ச்சியா என்று கேட்டால் ஆமென்பேன். சிறந்த இசையா என்பது வேறு கேள்வி.

1996இல் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் இசை. குழு பிறந்து நாற்பது ஆண்டுகளில் முதல் பட்டம், அதையும் புளூ டெவில்ஸுடன் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். அரசின் கண்டனத்துக்கு அஞ்சி வாழ்ந்த மனிதரின் கசப்பும் எள்ளலும் டிரம்முக்கும் பித்தளைக்கும் இயல்பாகப் பொருந்தின. உங்கள் மகளின் ஆசிரியர் காது உள்ளவர்தான். எனக்கு அது மெச்சத் தோன்றும் இசை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும் இசையல்ல. இதற்கு மேல் அவரோடு வாதிட என்னிடம் காரணம் இல்லை.

இனி 1989. செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனி, வெள்ளைச் சீருடை, கன்சாஸ் சிட்டியில் இறுதிப் போட்டி. அந்த ஆண்டு வென்றது சான்டா கிளாரா வேன்கார்ட், 98.8 புள்ளி. அவர்கள் எடுத்துக்கொண்ட கதை 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா'. பெயரிலேயே ஃபேண்டத்தை வைத்திருந்த குழுவை இன்னொரு ஃபேண்டம் தோற்கடித்தது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

சிம்பொனியின் இரண்டாம் பகுதியான லார்கோவில்தான் என் பிடிவாதம் இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவில் அந்த மெட்டை இங்கிலீஷ் ஹார்ன் தனியாக வாசிக்கும். சீவாளி வைத்து ஊதும் கருவி அது. அந்த மெட்டின் ஏக்கத்தில் பாதி அந்தச் சீவாளியிலிருந்து வருவது. டிரம் கோரில் சீவாளிக்கே இடமில்லை. ஒற்றைக் குரலின் தனிமையை ஒரு பித்தளைக் கூட்டம், நடந்துகொண்டே, திறந்தவெளியில் கொண்டுவர வேண்டும். உரக்க ஊதுவது பெரிய காரியமில்லை. பின்னோக்கி நடக்கும்போது உதடு அதிராமல் மெல்ல ஊதுவதுதான் உயிர் போகும் வேலை. மெல்ல ஊதும்போது ஒருவர் தடுமாறினாலும் அரங்கம் முழுவதும் கேட்கும். மூச்சு எடுப்பதிலும் ஓர் ஒப்பந்தம் உண்டு: பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும் இடத்தில் நீங்கள் எடுக்கக் கூடாது. அப்படி மாற்றி மாற்றி எடுத்தால் மெட்டு அறுபடாமல் ஓடும்; கேட்பவருக்கு யாருமே மூச்சுவிடவில்லை என்று தோன்றும்.

அதோடு அந்தக் கருவிகள். 1989இல் எல்லோரும் வாசித்தது ஜி சுருதி பியூகிள் என்னும் பித்தளைக் குழல், சுரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வு அதில் இரண்டே இரண்டு. மூன்றாவது வால்வுக்கு அனுமதி கிடைத்தது 1990இல்தான். இரண்டு வால்வில், குறிப்பாகக் கீழ்ஸ்தாயியில், சில சுரங்கள் கிடையவே கிடையாது. இல்லாத சுரத்தை ஒருவரிடமிருந்து வாங்கி இன்னொருவரிடம் கொடுத்து, ஓட்டை வெளியே தெரியாமல் இசையை எழுத வேண்டும். 2000இல் எந்தச் சுருதிக் கருவியும் வரலாம் என்றானது. 2004இல் ஒலிபெருக்கியும் வந்தது. 2008இல் மரிம்பா என்னும், குச்சியால் தட்டி வாசிக்கும் மரக்கட்டைக் கருவியின் முன் மைக் இருந்தது. 1989இல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் கெட்டியான தலையுள்ள குச்சியால் ஓங்கித்தான் அடிக்க வேண்டும். ஆகவே இரு தரப்பும் ஒரே கருவியைப் பற்றிச் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு கருவிகளைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அத்தனை குறையுள்ள குழல்களில் அந்த லார்கோ அப்படி மலர்ந்ததே என்பதுதான் என் வியப்பு.

பழையதெல்லாம் பொன் என்கிறேனா என்று கேட்டீர்கள். நியாயமான குத்து. நான் முதலில் கேட்ட டிரம் கோர் இசையே இந்த 1989தான், நண்பர் ஒருவர் பிரதியெடுத்துக் கொடுத்த ஒலிநாடாவில். இரைச்சலோடும் அங்கங்கே தேய்ந்தும் இருந்தது. முதலில் கேட்டது காதில் பீடம் போட்டு உட்கார்ந்துவிடும். நான் பார்த்தவரை இந்தச் சண்டையில் அநேகமாக எல்லோரும் தங்களுக்கு இருபது வயதாக இருந்தபோது கேட்டதைத்தான் உச்சம் என்கிறார்கள். பழைய கச்சேரிப் பதிவுகளைப் பற்றி நம் ரசிகர்கள் போடும் சண்டையிலும் இதே கதைதான். உங்கள் மகளும் இன்னும் முப்பது ஆண்டு கழித்து யாரோடோ 2008க்காக மல்லுக்கு நிற்பாள். நிற்கட்டும். ஆனால் அப்போது அவள் 98.125 என்ற எண்ணைத் துணைக்கு அழைக்கக் கூடாது. எந்த இடத்தில், எந்தச் சுரத்தில் என்று சொல்ல வேண்டும். நான் லார்கோ என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் இந்தக் குழு உங்கள் பக்கம் வரும்போது நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். ராக்ஃபோர்டே உங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்தான். அரங்கத்துக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டி, குழல்காரர்கள் அரைவட்டமாக நின்று உதட்டைச் சூடேற்றுவார்கள். அங்கே வாக்னரின் 'எல்சாவின் ஊர்வலம்' வாசிப்பது இந்தக் குழுவின் பழைய வழக்கம். நடை கிடையாது, கொடி கிடையாது, நடுவரும் கிடையாது. மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்